பழைய வீட்டில் அஸ்திவார விரிசல்: எதற்கு உடனே ஆளைக் கூப்பிட வேண்டும், எதை அப்படியே விடலாம்

சுவரில் ஒரு விரிசலைக் காட்டி நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். கொத்தனார் "கொத்திட்டு பூசிடலாம் சார்" என்பார். பெயின்ட் கடையில் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா அது தன் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்பார், வீட்டு புரோக்கரோ இடித்துவிட்டுக் கட்டுங்கள் என்று முடித்துவிடுவார். நாலுமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான பதில்தான். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பது விரிசல் எவ்வளவு அகலம் என்பதைவிட, அது எங்கே ஆரம்பிக்கிறது, இன்னும் நகர்கிறதா, அதைச் சுற்றித் தண்ணீர் என்ன செய்கிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் தெரியும். இந்த மூன்றையும் ஓரளவுக்கு நீங்களே பார்த்துவிடலாம். காசு செலவழிப்பதற்கு முன்னால் பார்த்துவிடவும் வேண்டும்.

நான் இங்கே சொல்வது கான்கிரீட் தூண் இல்லாமல், சுவரே பாரம் தாங்கும் வீடுகளுக்கு. கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை அல்லது மண் சாந்து, மேலே ஓடு அல்லது மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட தளம்), கொஞ்சம் பிந்தியது என்றால் கான்கிரீட் தளம். நம் ஊர்களில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். தூண், பீம் போட்ட வீட்டுக்குக் கணக்கே வேறு.

எடுத்து வைக்க வேண்டியவை: டார்ச், பென்சில், ஒரு நோட்டு, பழைய ஏ.டி.எம் கார்டு, தூக்குக்குண்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூப்.

முதல் வேலை: இது அஸ்திவார விரிசலே இல்லாமல் இருக்கலாம்

மாடி தளத்துக்குச் சரியாக அடியில், சுவரோடு படுக்கையாக நூல் பிடித்தது போல் ஓடும் விரிசலைப் பார்த்துவிட்டு நிறைய பேர் அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று பயப்படுகிறார்கள். அது வெயில் செய்யும் வேலை. கான்கிரீட் தளம் பகலில் சூடேறி நீள்கிறது, ராத்திரி சுருங்குகிறது, கீழே இருக்கும் சுவர் அந்த அளவுக்கு நகர்வதில்லை, இரண்டும் சேரும் இடத்தில் விட்டுப் போகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் தளத்தில்தான் இது அதிகம் வரும். மேலே தட்டோடு பதிப்பதும் வெள்ளை கூல் கோட்டிங் அடிப்பதும் இதைக் குறைக்கும், அஸ்திவாரத்தைத் தொட வேண்டியதே இல்லை.

பூச்சில் மட்டும் வலை வலையாக வரும் மெல்லிய கீறல் பூச்சு காய்ந்த விதத்தால் வந்தது. சன்ஷேடு, கான்கிரீட் பீம் இவற்றில் கம்பி ஓடும் வழியாகவே விரிசல் விட்டு, பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் வேறு வைத்தியம். பழைய வீட்டோடு பிற்பாடு ஒட்டிக் கட்டிய அறை, அந்த ஒட்டு நெடுகச் செங்குத்தாக விட்டிருந்தால், புது அஸ்திவாரம் தன் பங்குக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நேர்கோட்டில் இருந்து, வருடக்கணக்கில் அதே அளவில் நின்றிருந்தால் அதை ஒரு ஜாயின்ட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள், சிமெண்ட் வைத்து இறுக்கினால் மறுபடி விடும்.

அஸ்திவார விரிசலுக்கு ஒரு முகம் உண்டு. குறுக்காக, செங்கல் வரிசைகளின் இடுக்கு வழியாகப் படிக்கட்டு போல ஏறும். ஜன்னல் மூலை, கதவு நிலையின் மூலை என்று சுவர் பலவீனமான இடங்களைத் தேடிப் போகும். உள்பக்கம் எங்கே இருக்கிறதோ வெளிப்பக்கமும் அதே இடத்தில் இருக்கும். ராத்திரி உள்ளே டார்ச் அடித்து வெளியே வெளிச்சம் தெரிந்தால் விரிசல் சுவரின் முழுக் கனத்தையும் தாண்டியிருக்கிறது.

இதில் ரொம்ப உதவியான ஒரு சோதனை, விரிசலைக் கீழ்நோக்கித் தொடர்ந்து போவது. வெளியே போய், அது பேஸ்மட்டத்தை (வெளித்தரைக்கு மேலே, சுவர் உட்கார்ந்திருக்கும் மேடையை) தாண்டி இறங்குகிறதா பாருங்கள். தேவைப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் அரையடிக்கு மண்ணைக் கையால் ஒதுக்கிப் பாருங்கள். வெயிலாலும் சுவர் காய்ந்து சுருங்குவதாலும் வரும் செங்குத்து விரிசல்கள் பெரும்பாலும் பேஸ்மட்டத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்குக் கீழே மண்ணுக்குள் இருக்கும் கல் அவ்வளவு சூடேறிக் குளிர்வதில்லை. பேஸ்மட்டத்தையும் கிழித்துக்கொண்டு கல் கட்டுக்குள் போகிறது என்றால் மண் நகர்ந்திருக்கிறது.

எந்தப் பக்கம் இறங்குகிறது

நோட்டில் வீட்டின் பிளானைக் கைப்படப் போட்டு, எல்லா விரிசலையும் அதில் குறியுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது குழப்பும் விரிசல்கள் ஒரே தாளில் வந்ததும் பெரும்பாலும் ஒரு மூலையையோ ஒரு சுவரையோ காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொன்றிலும் மேலே அகலமா, கீழே அகலமா என்றும் எழுதுங்கள். மேலே அகலமாக, கீழே வர வர மெலிந்தால் வழக்கமாகச் சுவரின் ஓரம், அதாவது வீட்டின் மூலை இறங்குகிறது. கீழே அகலம், மேலே மெலிவு என்றால் நடுப்பகுதி இறங்குகிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் இறக்கத்தைவிடச் சூடு, சுருக்கம் பக்கம்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அகலம்

கண்ணால் பார்த்து "ரெண்டு மில்லி இருக்கும்" என்று சொல்வது பெரும்பாலும் தப்பாகப் போகும். ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம், ஏ.டி.எம் கார்டு 0.76 மி.மீ. கார்டு நுழையவில்லை என்றால் ஒரு மில்லிக்குள், இரண்டு கார்டு சேர்ந்து நுழைந்தால் ஒன்றரை மில்லிக்குக் குறையாது. கட்டட விரிசல்களுக்காகவே இருக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1984ஆம் வருட எஸ்.பி. 25 கையேடு, 1 மி.மீ.க்குக் குறைவானதை மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2க்கு மேல் அகலமானது என்று பிரிக்கிறது. பிரிட்டனில் புழங்கும் அளவுகோல் கொஞ்சம் தாராளம்: 5 மி.மீ. வரை அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை, 5 முதல் 15 வரை செங்கல் வேலை தேவைப்படலாம், 15க்கு மேல் பெரிய பழுது, 25க்கு மேல் சுவர் நிற்குமா என்ற கேள்வி.

சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு இந்த இரண்டாவது அளவுகோல்தான் நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நூல் விரிசல்களை மழை நனைத்து நனைத்துத் தானே ஓரளவு அடைத்தும்கொள்ளும். சிமெண்டில் கட்டிய சுவர் அப்படி இல்லை, அது ஒரே இடத்தில் பட்டென்று விடும். அதனால் நூறு வயது வீட்டில் இருக்கும் 3 மி.மீ. விரிசலையும் பத்து வயது வீட்டில் இருக்கும் 3 மி.மீ. விரிசலையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. மண் சாந்து வீடு என்றால் கொஞ்சம் எச்சரிக்கை கூடவே வேண்டும், விரிசல் வழியாகத் தண்ணீர் போனால் சாந்தே கரைந்து வந்துவிடும்.

நகர்கிறதா: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதலில் விரிசலின் வயது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உள்ளே பாருங்கள். ஓரங்கள் மழுங்கி, உள்ளே தூசியும் சிலந்தி வலையும் பழைய சுண்ணாம்பு வெள்ளையும் இருந்தால், கடைசியாக வெள்ளையடித்ததற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. ஓரம் கூர்மையாக, உள்ளே செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தால் புதுசு. பழைய விரிசலைப் பூசி, அந்தப் பூச்சே மறுபடி விட்டிருந்தால் அது நின்றபாடில்லை, அதைத்தான் முதலில் கண்காணிக்க வேண்டும்.

அப்புறம் அளவு. விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீளம் கூடினால் தெரியும். அகலத்துக்கு, விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூவை ரால்ப்ளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் சொருகும் பிளாஸ்டிக் குழல்) வைத்து முடுக்கி, இரண்டு தலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை டிஜிட்டல் காலிப்பரால் அளந்து எழுதி வையுங்கள். ஸ்க்ரூ பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பிடித்திருக்க வேண்டும், வெறும் பூச்சில் பிடித்தால் அளவுக்கு அர்த்தம் இல்லை. மூன்றாவதாக ஒன்றை முக்கோணமாக அடித்துக்கொண்டால் சுவர் விலகுவது மட்டுமல்ல, ஒரு பக்கம் கீழே சரிவதும் எண்ணில் தெரிந்துவிடும். பழைய மேஸ்திரிகள் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி வைப்பார்கள். நகர்ந்தால் கண்ணாடி உடையும். நல்ல முறைதான், ஆனால் உடைந்தது என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஒட்டு விட்டுப்போனாலும் கண்ணாடி உடையாமல் நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை, அதே நேரத்தில், முடிந்தால் காலையில் வெயில் ஏறும் முன் அளவெடுங்கள். மத்தியானம் ஒரு அளவும் ராத்திரி ஒரு அளவும் எடுத்தால் வெயில் விளையாட்டையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

எத்தனை மாதம் என்றால், அது உங்கள் மண்ணைப் பொறுத்தது. கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கம், கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சில பகுதிகள் என்று கரிசல் மண்ணில் நிற்கும் வீடு என்றால் ஒரு முழு வருடம். குறைத்துக்கொள்ள வழியில்லை. கரிசலில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வைகாசியில் நிலமே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது சுவர் விரிசலும் வாயைத் திறக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு மூடிக்கொள்ளும். மே மாதம் பார்த்தவர் வீடு விழப்போகிறது என்பார், டிசம்பரில் பார்த்தவர் சரியாகிவிட்டது என்பார். ஒரே ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு உறுதியாகப் பேசும் யாரையும் கரிசல் ஊரில் நம்பாதீர்கள், என்ஜினியராக இருந்தாலும் சரி.

வருடம் முடிந்து பார்க்கும்போது இந்த மேயும் போன மேயும் ஒரே எண் என்றால் வீடு மண்ணோடு சேர்ந்து மூச்சுவிடுகிறது, அவ்வளவுதான். இந்த மேயில் கூடியிருக்கிறது, மழையிலும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் வருடா வருடம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது, பழுது பார்த்தே ஆக வேண்டும்.

செம்மண், சரளை, ஆற்றோர மணல் என்றால் கதை வேறு. அங்கே ஒரு வீடு இறங்க வேண்டிய இறக்கத்தைக் கட்டிய முதல் சில வருடங்களிலேயே பெரும்பாலும் இறங்கி முடித்திருக்கும். ஐம்பது வருடம் சும்மா நின்ற சுவர் இப்போது புதிதாக விடுகிறது என்றால் ஏதோ மாறியிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

மட்டமும் தூக்கும்

ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி (உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல்) வீட்டின் நான்கு மூலைகளிலும் மட்டம் பாருங்கள். தரையில் வைத்துப் பார்க்காதீர்கள், பழைய வீடுகளில் கழுவிவிடத் தரைக்கு வாட்டம் கொடுத்தே போட்டிருப்பார்கள். பேஸ்மட்ட விளிம்பு, ஒரே செங்கல் வரிசை, ஜன்னல் அடிக்கட்டை இவைதான் நம்பகமானவை. கட்டும்போதே கோணலாகப் போயிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் மட்ட வித்தியாசம் எந்த மூலையில் இருக்கிறதோ விரிசலும் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு. 300இல் ஒரு பங்கு, அதாவது 3 மீட்டர் நீளத்துக்கு 10 மி.மீ. வித்தியாசம் என்பது சுவர்கள் விட ஆரம்பிக்கும் அளவாக என்ஜினியர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. 150இல் ஒரு பங்கைத் தொட்டால் கட்டடத்தின் உடம்பையே பாதிக்கும் நிலை.

தூக்குக்குண்டு போட்டுச் சுவர் வெளியே சாய்கிறதா, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா பாருங்கள். ஒன்பது அங்குலச் சுவர் ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கு விட்டிருந்தால், விரிசல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நான் என்ஜினியரைக் கூப்பிடுவேன்.

தண்ணீரைத் தேடுங்கள்

அஸ்திவாரக் கோளாறில் பெரும்பாலானவை கடைசியில் தண்ணீரில்தான் போய் முடியும், ஒன்று அதிகமாகப் போகிறது, இல்லையென்றால் திடீரென்று இல்லாமல் போகிறது. விரிசல் இருக்கும் மூலையைச் சுற்றி நடந்து பாருங்கள். மாடித் தண்ணீர் விழும் குழாய் அங்கேயே ஊற்றுகிறதா? பாத்ரூம், சமையலறைக் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்திருக்கிறதா? செப்டிக் டேங்க், சம்ப் ஏதாவது சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறதா? சம்ப்பை நிரப்பி வாயில் குழாய், மோட்டார் எல்லாவற்றையும் அடைத்து, மட்டத்தில் ஒரு கோடு போட்டு விடிய விடிய விட்டுப் பாருங்கள். இறங்கினால் அந்தத் தண்ணீர் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் போக வாய்ப்புண்டு. மணல் மண்ணில் இப்படிக் கசியும் தண்ணீர் பொடி மண்ணை அரித்துக்கொண்டே போய் அடியில் பள்ளம் விழ வைக்கும்.

தெருவையும் பாருங்கள். ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, படி ஏறிப் போன வீடுகளில் இப்போது படி இறங்கிப் போகிறோம். முன்பு தெருவுக்கு ஓடிய மழைத் தண்ணீர் இப்போது சுவரோரம் நிற்கிறது. (வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறோம் என்று விளம்பரம் வருவது இதற்காகத்தான். அது தண்ணீர் புகுவதற்கு வழி, விரிசலுக்கு வைத்தியம் இல்லை. கருங்கல்லும் மண் சாந்துமாக இருக்கும் சுவரை, விரிசலோடு தூக்கச் சொல்லி யாராவது கேட்டால் முதலில் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரின் எழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள்.)

மரம் விஷயத்தில் நிதானம் தேவை. களிமண் நிலத்தில் சுவரை ஒட்டி வளர்ந்த பெரிய வேம்போ புங்கனோ வேர் வழியாக ஈரத்தை உறிஞ்சி அந்த மூலையை மட்டும் காயவைத்து இறக்கலாம். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் விரிசலைப் பார்த்ததும் மரத்தை வெட்டுவது சில சமயம் நிலைமையை மோசமாக்கும். அத்தனை வருடம் மரம் குடித்த ஈரம் இனி மண்ணிலேயே தங்கும், களிமண் உப்பும், இறங்கிய சுவர் இப்போது தூக்கும். வீட்டைவிட மரம் மூத்தது என்றால் இது இன்னும் பொருந்தும். கிளைகளைக் கழித்துக் குறைப்பது பாதுகாப்பானது. சுவரிலேயே முளைத்த அரச, ஆலங்கன்றுக்கு மட்டும் இந்தத் தயவு வேண்டாம், கண்டவுடன் வேரோடு எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, பக்கத்து மனை. உங்கள் சுவரை ஒட்டி யாராவது அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்குக்கோ ஆழமான அஸ்திவாரத்துக்கோ வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், தோண்டும் முன்பே எல்லாச் சுவர்களையும் உள்ளும் புறமும் படம் எடுத்து, அவர்களுக்கே அனுப்பி, தேதியோடு ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். பிறகு விரிசல் வந்து "அது முன்னாடியே இருந்துச்சு" என்று அவர்கள் சொல்லும்போது பேசுவதற்கு வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது.

காத்திருக்கக் கூடாதவை

கண்காணிப்பு, நோட்டு எல்லாம் நிதானமான வீடுகளுக்கு. விரிசல் நாள் கணக்கில் வளர்கிறது, பாரம் தாங்கும் சுவரில் 15 மி.மீ.யைத் தாண்டிவிட்டது, சுவர் வயிறு தள்ளுகிறது, மெட்ராஸ் டெரஸில் மர உத்திரத்தின் நுனி சுவரிலிருந்து உருவி வருகிறது, நேற்றுவரை மூடிய கதவு திடீரென்று நிலையில் இறுகுகிறது, பெருமழைக்குப் பிறகு சுவரோரம் மண் உள்வாங்கிவிட்டது, பக்கத்தில் தோண்டிக்கொண்டிருக்கும்போது புது விரிசல் வருகிறது. இதில் எது நடந்தாலும் அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே என்ஜினியரைக் கூப்பிடுங்கள். உத்திரம் உருவியிருந்தால் அவர் வரும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம், முட்டுக் கொடுப்பதையும் அனுபவம் உள்ள மேஸ்திரியிடம் விடுங்கள்.

கதவு இறுகுவது மழைக்காலத்தில் மரம் ஊறியதாலும் இருக்கலாம். மேல் சட்டத்தில் ஒரு ஓரம் மட்டும் உரசி, எதிர் ஓரத்தில் இடைவெளி கூடியிருந்தால் நிலையே கோணியிருக்கிறது. முழுக்கச் சமமாக இறுகினால் மரம்தான்.

என்ஜினியரும் பழுதும்

கூப்பிட வேண்டியது ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரை. ஊசி போட்டு அடைக்கும் கெமிக்கல் விற்பவர் இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று வருவார், அவர் பார்க்கும் எல்லா வீட்டுக்கும் அந்தக் கெமிக்கல்தான் தேவைப்படும். அருகில் இருக்கும் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் விசாரியுங்கள், பலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். உங்கள் நோட்டையும் பிளானையும் கையில் கொடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், அடியில் என்ன மண் என்று பார்க்காமல் பெரிய வேலை எதையும் சிபாரிசு செய்தால், ஏன் என்று கேளுங்கள்.

அவர் சொல்லக்கூடியவற்றில் மலிவானதும் அடிக்கடி போதுமானதும் தண்ணீர் வேலைதான். குழாயைச் சரிசெய்வது, மாடித் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுவது, வீட்டைச் சுற்றி நாலைந்து அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டம் வைத்துத் தளம் போடுவது. கரிசலில் இந்தத் தளம், சுவருக்கு அடியில் இருக்கும் மண்ணின் ஈரத்தை வருடம் முழுக்க ஓரளவு ஒரே மாதிரி வைத்திருக்கிறது, அதனால்தான் வேலை செய்கிறது. அங்கே மண் உப்பிச் சுருங்குவது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழம்வரை இருக்கும். ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அண்டர்-ரீம்டு பைல்களை (அடிப்பக்கம் குமிழ் போல அகன்று, மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்கள்) கரிசலில் அந்த ஆழத்துக்கு இறக்கச் சொல்வது அதற்காகத்தான். நம் பழைய வீட்டு அஸ்திவாரம் நாலு அஞ்சு அடிதான், ஆடும் மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது சுவரைத் தைப்பது, செங்கல் இடுக்குகளில் ஸ்டெயின்லெஸ் கம்பியை விரிசலுக்குக் குறுக்கே பதித்து. நகர்வு நின்ற பிறகுதான் இது. அதற்கும் மேலே அஸ்திவாரத்துக்கு அடியில் புது அஸ்திவாரம் கொடுப்பது, அண்டர்பின்னிங். செலவும் ஆபத்தும் அதிகம். இதை ஒரு நேரத்தில் நாலைந்து அடி நீளம் மட்டும் தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகிய பிறகு ஒன்று விட்டு ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். சுவர் நெடுக ஒரே வாய்க்காலாகத் தோண்ட யாராவது ஆரம்பித்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். பாரம் தாங்கும் சுவர் அப்படித்தான் சரியும்.

அடைப்பது எப்போது, எதனால்

காரணத்தைச் சரிசெய்து ஒரு மழைக்காலம் கடந்த பிறகு, தை மாசி வாக்கில். கோடையில் வாய் திறந்து நிற்கும்போது கெட்டியான சிமெண்ட் கலவையை உள்ளே திணித்தால், மழைக்கு விரிசல் மூட இடமில்லாமல் சுவர் வேறு இடத்தில் விடும், அடுத்த வருடம் அதையும் அடைப்பீர்கள். சுண்ணாம்பில் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் பொருத்தம். சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைத்து ஓரத்துச் செங்கல்லை உதிரவைக்கும். இன்னும் கொஞ்சம் நகரும் என்று தெரிந்தே விடும் விரிசலுக்கு இழுபடும் சீலன்ட் போதும், மழைத் தண்ணீரும் பல்லியும் உள்ளே போகாது. வெளிப்பக்கத்தை முதலில் அடையுங்கள். ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றாமல் பெயின்டுக்கு வெளியே தலை தெரிய விட்டுவையுங்கள், அடுத்த மே மாதமும் அதற்கடுத்த மே மாதமும் காலிப்பர் வைக்க அவை வேண்டும்.